ஹகாமா: மாணவியர் வாழ்வித்த உடை

பழமையைச் சற்றும் மாற்றாது காப்பதே மரபைப் பேணும் வழி என்பர் பலர். ஜப்பானியரின் ஹகாமா என்னும் உடையின் வரலாற்றைக் கற்றபோது நாம் அக்கருத்தினின்றும் விலக நேர்ந்தது.

கிமோனோவின் மேல் இடையில் இறுகக் கட்டிக் கணுக்கால் வரை தொங்கவிடும் அகன்ற உடையே ஹகாமா. முன்புறம் ஐந்தும் பின்புறம் இரண்டுமாகக் கொசுவ மடிப்புகள் அமைந்திருக்கும். இவ்வேழு மடிப்புகளும் வீரர்க்குரிய ஏழு பண்புகளைக் குறிக்கும் என்று தற்காப்புக் கலைக்கூடங்களில் கற்பிப்பதுண்டு. அது பிற்காலத்தார் ஏற்றிய விளக்கம் என்றே நமக்குத் தோன்றுகிறது. எண்ணிக்கை கிடைத்துவிட்டால் பண்புகளைப் பொருத்துதல் அரிதன்று.

அரண்மனைப் பெண்டிரை நீக்கிப் பார்த்தால், சாமுராய் காலத்தில் இது பெரிதும் ஆடவர் உடையாகவே விளங்கிற்று. 1872-ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு மேலை உடையை அரசு அலுவலர்களின் சடங்கு உடையாக்கியது. ஆடவர் சிறிது சிறிதாகக் கோட்டுக்கு மாறினர். அக்காலத்திலேதான் பெண்கள் பள்ளிக்கூடம் புகுந்தனர். நாற்காலியில் அமரவும், விரைந்து நடக்கவும், உடற்பயிற்சி செய்யவும் கிமோனோ இடந்தரவில்லை, முன்புறம் விலகிற்று. எனவே மாணவியர் சிலர் ஆடவரின் ஹகாமாவையே அணிந்தனர். பெண்மைக்கு அடாதது என ஊரார் ஏளனம் செய்தனர். பின்னர், 1885-இல் தோன்றிய உயர்குடிப் பெண்கள் பள்ளியின் ஆசிரியை ஷிமோதா உதாகோவின் முயற்சியால், கால் பிரிவில்லாத, பாவாடை போன்ற வடிவம் பரவியது. கண்ணியமும் குறையவில்லை, காலும் கட்டுண்ணவில்லை. செம்பழுப்பு நிற ஹகாமா கல்வி கற்கும் பெண்ணின் அடையாளமாயிற்று. மரபுக்கு மாறானது என அன்று இகழப்பட்டதே இன்று மரபெனப் போற்றப்படுகிறது!

ஆடவரும் இதனை அறவே துறந்தாரல்லர். ஐந்து குலச்சின்னங்கள் பொறித்த கறுப்புக் கிமோனோவும், அதன் மேலங்கியாகிய ஹவோரியும், ஹகாமாவும் சேர்ந்ததே அவர்தம் தலையாய சடங்குடை. 1968-இல் எழுத்தாளர் கவாபட்டாவும், 2018-இல் மருத்துவ அறிஞர் ஹோஞ்ஜோவும் ஸ்டாக்ஹோம் நகரில் இவ்வுடையிலேயே நோபெல் பரிசு பெற்றனர்.

மார்ச்சுத் திங்களில் ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவியர் பலர் ஹகாமா அணிந்தே பட்டம் பெறுகின்றனர். சிலர் அதன் கீழே மேலைநாட்டுத் தோற்காலணியும் அணிவர். பெரும்பாலும் ஒருநாள் வாடகைக்குப் பெற்ற உடைதான். வாடகை உடை மரபாகுமா என வினவுவோர் உளர். பட்டமளிப்பு நாளில் நாம் அணியும் கறுப்பு அங்கியும் பலர்க்கு வாடகை அங்கியே. அதனை வேடம் என எவரும் கூறக் கேட்டிலோம்.