கிளைவ் சீமாட்டியாரின் குலப்பெருமை

பிரிட்டிஷ் பிரபு வம்சங்களின் மேன்மையைப் புகழ்வோர் ஹென்ரீட்டா கிளைவ் சீமாட்டியாரின் சரித்திரத்தைச் சற்று நோக்குக. போவிஸ் பிரபுவின் புதல்வியாகிய இவர், 1784-ல் ராபர்ட் கிளைவின் மூத்த குமாரர் எட்வர்டை மணந்தார். பெண் வீட்டார் கொணர்ந்தது பழம்பெயர். பிள்ளை வீட்டார் கொணர்ந்தது இந்தியாவில் ஈட்டிய பொருள்.

1798-ல் எட்வர்ட் சென்னைக் கவர்னரானார். மறுவருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. 1800-ல் சீமாட்டியார் தம் பெண்களிருவருடன் மைசூரையும் தென்னாட்டையும் சுற்றிவந்தார். அக்காலம் நமது புதுவையும் ஆங்கிலேயர் வசமே (1793–1816) இருந்தபடியால், இக்கதை நமக்கு அந்நியமன்று.

1804-ல் எட்வர்டுக்குப் போவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது. இளைய மகள் சார்லட் பிற்காலத்தில் விக்டோரியா இளவரசியின் ஆசிரியையானார். திப்பு சுல்தானின் கூடாரமோ வேல்ஸ் நாட்டுப் போவிஸ் கோட்டையில் இன்றும் காட்சிப்பொருளாயிருக்கிறது.

சீமாட்டியாரின் கல்வியையும் ரசனையையும் நாம் மறுக்கவில்லை. கொள்ளைப்பொருள் குலதனமாகாது, உடையோர் நாட்டிற்கு அதனைத் திருப்புவதே நியாயம் என்போம்.