வரி நோட்டீஸுக்கும் இலவசத் துணை வேண்டும்

ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய்வரை வருமான வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்ததும், இனி அந்தத் துறைக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பல சம்பளக்காரர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம் மட்டுமே. அதற்கு மேல் 12 லட்சம்வரை வரியைக் கணக்கிட்டு, பிறகுதான் தள்ளுபடி செய்கிறார்கள். ஆகவே ஆண்டுக்கு 6 லட்சம் சம்பாதிப்பவர் ஒரு பைசா வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். கெடு தவறினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வரி கட்டாதவர்களுக்கு வரி உதவி எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 2024 ஜூலை 31 கெடுவுக்குள் தாக்கலான கணக்குகள் மட்டும் 7.28 கோடிக்கு மேல். இதில் ஆடிட்டருக்குப் பணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு நேரில் உட்கார்ந்து, இலவசமாக, நம்பகமாக உதவ நம்மிடம் உருப்படியான ஏற்பாடு எதுவும் இல்லை.

வருமானம் 4 லட்சத்தை எட்டாதவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டு தையல் வேலை பார்த்த ஒருவர் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பும்போது பிஎஃப் பணத்தை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு சேவை முடியவில்லை, தொகை 50,000 ரூபாய்க்குக் குறையவில்லை என்றால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பணம் எடுக்கும் முன்பே, ‘எனக்கு வரி வராது’ என்று ஒரு படிவம் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. அதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. பிடித்த பணத்தைத் திரும்பப் பெற கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு ஓடிபி வேண்டும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண்ணோ எப்போதோ கைமாறிப் போயிருக்கும். அதைச் சரிசெய்தால் வங்கிக் கணக்கில் சிக்கல். பான் அட்டையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாக எழுதியிருப்பார்கள், பாஸ்புக்கில் வெறும் இனிஷியல்தான் இருக்கும். இரண்டு பெயரும் ஒன்றல்ல என்று கணினி சொல்லிவிட்டால் ரீஃபண்ட் அங்கேயே நிற்கும். இதையெல்லாம் தாண்டித் தாக்கல் செய்தாலும் 30 நாளுக்குள் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். இந்தச் சிக்கல்களில் எதற்கும் பெரிய சட்ட அறிவு தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்து, எந்த அலுவலகத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லும் ஒருவர் போதும். 1961 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025 வருமான வரிச் சட்டம் 819 பிரிவுகளை 536 ஆகக் குறைத்திருக்கிறது, நல்லதுதான். அதனால் இனிஷியல் பிரச்சினை தீர்ந்துவிடாது.

அரசு காலியாக விட்ட இந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏஜென்ட்கள். அவர்களில் நேர்மையாக வேலை செய்து நியாயமான கூலி வாங்குபவர்கள் நிறைய உண்டு. ‘ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இவ்வளவு’ என்று பேரம் பேசும் கூட்டமும் உண்டு. 2025 ஜூலையில் நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித் துறை நடத்திய சோதனையில் இந்தக் கூட்டம்தான் சிக்கியது. கொடுக்காத நன்கொடை, கட்டாத காப்பீடு, வாங்காத கல்விக் கடன் என்று பொய்க் கழிவுகளைக் காட்டியிருந்தார்கள். சோதனை நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றதாகவும் துறை தன் அறிக்கையில் சொன்னது. அந்த அறிக்கையில் என் கண்ணில் பட்ட முக்கியமான விவரம் வேறு. சில ஏஜென்ட்கள் மொத்தமாகக் கணக்கு தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் போய் விழுகிறது. வருமானத்தைத் திரித்துக் காட்டினால் தண்டம் வரியைப்போல இரண்டு மடங்கு. அது வருவது ஏஜென்டின் பெயருக்கு அல்ல, பான் எண்ணுக்கு உரியவரின் பெயருக்கு.

அரசு முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. 2006இல் வரிக் கணக்குத் தயாரிப்பாளர் திட்டம் என்று ஒன்றை அறிவித்துப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வாடிக்கையாளரிடம் 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றும் விதித்தார்கள். நல்ல யோசனை, ஆனால் அடித்தளம் கோணல். தயாரிப்பாளருக்குத் துறை கொடுத்த தொகை வாடிக்கையாளர் கட்டும் வரியில் ஒரு விகிதம். வரி அதிகமானால் அவருக்கும் அதிகம். ரீஃபண்ட் கேட்டு வரும் தையல் தொழிலாளியால் துறையிடமிருந்து அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. புதிதாக வரி கட்டுபவர்களைச் சேர்க்கும் திட்டம் அது, வழி தெரியாதவருக்குத் துணை நிற்கும் திட்டம் அல்ல. அதற்கு முன் 2003இல் வருமான வரிக் குறைதீர்ப்பாளர் பதவியை உருவாக்கி 2019 பிப்ரவரியில் கலைத்துவிட்டார்கள். புதிய புகார்கள் ஒற்றை இலக்கத்துக்குக் குறைந்துவிட்டன, மக்கள் இணைய வழியையே விரும்புகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். புகார் வரவில்லை என்பதைக் குறை இல்லை என்று படிப்பதா, அப்படி ஒரு பதவி இருந்ததே தெரியவில்லை என்று படிப்பதா? எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது.

நேரில் உதவி வேண்டும் என்பதற்கு எழும் வலுவான மறுப்பு லஞ்சம் பற்றியது. அதிகாரியும் வரி செலுத்துபவரும் முகம் பார்க்காமலே காரியம் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2020 ஆகஸ்டில் முகமற்ற மதிப்பீட்டைப் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். மறுபடியும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டால் பழைய நோய் திரும்பாதா? மதிப்பிடும் அதிகாரியே உதவியாளராகவும் உட்கார்ந்தால் திரும்பும். துறையின் சேவை மையங்களைப் பெருக்கினால் மட்டும் போதாது என்று நான் சொல்வதும் அதனால்தான். தன் பிழையைத் துறையிடமே திறந்து சொல்ல எவரும் தயங்குவார்கள். முகமின்மை அதிகாரிக்கு இருக்கட்டும், உதவிக்கு வேண்டாம். அமெரிக்கா இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கணக்கு நிரப்ப, வரித் துறையின் தேர்வில் தேறிய தன்னார்வலர்கள் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் இலவசமாக உதவுகிறார்கள்; 1970களிலிருந்தே அங்கு அந்தப் பழக்கம் உண்டு. நோட்டீஸ், மேல்முறையீடு என்று போனால், சட்டக் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் மையங்கள் ஏழைகளுக்காகத் துறையை எதிர்த்தே வாதாடுகின்றன. 1998இல் வந்த சட்டத்தின்படி அவற்றுக்கு மானியம் தருவது அதே அரசுதான். பிரிட்டன் எதிர்த் திசையில் போய், 2014இல் நாடு முழுவதும் இருந்த 281 வரி விசாரணை மையங்களை மூடியது. அங்கும் நேரில் உதவி தேவைப்படுபவர்கள் மறைந்துவிடவில்லை. பாரத்தைத் தொண்டு நிறுவனங்கள் சுமக்கின்றன.

நம்மிடம் இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. அந்தச் சட்டம் நீதிமன்றம் என்று குறிப்பிடுவதில் தீர்ப்பாயங்களும், நீதிமன்றம்போல முடிவெடுக்கும் அதிகாரங்களும் அடங்கும். வரி மேல்முறையீடு அதற்குள் வரும் என்றே நான் படிக்கிறேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஏற்கெனவே இயங்கும் சட்ட உதவி மையத்தில் வாரம் ஒருநாள் வரி தெரிந்த வழக்கறிஞரோ ஆடிட்டரோ உட்கார்ந்தால் நோட்டீஸுக்குப் பதில் எழுதலாம். கணக்கு நிரப்பும் வேலைக்கு, ஊருக்கு ஊர் இருக்கும் கலைக் கல்லூரிகளின் வணிகவியல் மாணவர்களைத் தயார் செய்யலாம். மாணவர்கள் தப்பு செய்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, பிஎஃப் தாண்டிய எதையும் அவர்கள் தொடக் கூடாது. ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும். கணக்கில் பதிய வேண்டியது தொழிலாளியின் சொந்த செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் மட்டுமே. ஆடிட்டர்களின் தொழில் கெடும் என்ற கவலைக்கு இடமில்லை. இங்கே வரப்போகிறவர்கள் அவர்கள் அலுவலகப் படியை மிதித்தவர்களே அல்லர். செலவு என்று பார்த்தால் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் ஆகும் தொகை மட்டும்தான். அதைத் தர வேண்டியது வருமான வரித் துறை; மேற்பார்வை மட்டும் அதன் கையில் இல்லாமல் சட்டப் பணிகள் ஆணையத்திடம் இருக்க வேண்டும்.