கெடு தவறாத சுமைகள்

இலங்கையில் பணவீக்கம் அடங்கிவிட்டது என்பதையே பொருளாதார மீட்சியின் முதற்சான்றாக ஆட்சியாளர்கள் தொடர்ந்து முன்வைத்து வருகின்றனர். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தையும், உணவுப் பொருள்களில் மட்டும் 94.9 சதவீதத்தையும் தொட்ட பணவீக்கம், இரண்டே ஆண்டுகளில் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது உண்மைதான். ஆனால் பணவீக்கம் என்பது ஓராண்டுக்குள் விலைகள் ஏறிய வேகத்தை அளக்கும் கணக்கு. ஏறிய விலைகள் எங்கே போய் நின்றுவிட்டன என்பதை அது சொல்வதில்லை. அதே சுட்டெண்ணில் 2021ஆம் ஆண்டின் விலைமட்டத்தை 100 எனக் கொண்டால், 2024இல் அது 190ஐ ஒட்டி நின்றது. இந்தக் கால இடைவெளியில், 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாயிற்று. விலைகள் ஏறத்தாழ இரு மடங்காக, கூலி மூன்றில் ஒரு பங்கே கூடிய ஒரு வீட்டில், சுட்டெண் பூச்சியத்துக்குக் கீழே போனதாலேயே அடுப்பங்கரையின் கணக்கு நேராகிவிடாது.

இந்த விலையேற்றத்துக்கு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், பெருந்தொற்று, உக்ரேன் போர் என்று வெளிக் காரணங்களை அடுக்குவது வழக்கமாகிவிட்டது. அவற்றின் தாக்கத்தை எவரும் மறுக்க முடியாதெனினும், அரச வருமானத்தின் முதுகெலும்பை முறித்த முடிவு பெருந்தொற்றுக்கு முன்பே எடுக்கப்பட்டது. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானதும், பொருள் விற்பனையின் ஒவ்வொரு கட்டத்திலும் கூடும் பெறுமதி மீது அறவிடப்பட்டு ஈற்றில் நுகர்வோர் தலையில் வந்து விடியும் பெறுமதி சேர் வரி, அதாவது வற் வரி, டிசெம்பர் முதலாந் திகதி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபாரத்தின் ஆண்டுப் புரள்வு எல்லையும் 1.2 கோடி ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தும் முன்பே, அமைச்சரவை முடிவின் பேரில் இவை நடைமுறைக்கு வந்துவிட்டன. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த வரி வருமானம் மறு ஆண்டே 8 சதவீத அளவுக்குச் சரிய, அந்தப் பள்ளத்தை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது.

சலுகை மேலே தங்க, சுமை மட்டும் கீழே இறங்கும் விதத்துக்கு 2020 ஒக்டோபர் 13ஆந் திகதிய சீனி வரிக் குறைப்பைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. இறக்குமதிச் சீனியின் மீது கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வர்த்தகப் பண்ட அறவீடு ஒரே வர்த்தமானியில் 25 சதமாக்கப்பட்டது. நுகர்வோருக்கு நிவாரணம் என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்ட போதிலும், கடையில் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை. திறைசேரிக்கோ ஏறத்தாழ 1,600 கோடி ரூபா இழப்பு. கிலோவொன்றுக்கு அரசு கைவிட்ட 49 ரூபா 75 சதம் இறக்குமதியாளருக்கும் சில்லறைக் கடைக்கும் இடைப்பட்ட ஏதோ ஓரிடத்தில் நின்றுவிட்டது. எங்கே நின்றது என்பதைக் கண்டுபிடிப்பது அரச இயந்திரத்துக்கு அப்படியொன்றும் கடினமான காரியமல்ல, ஏனெனில் சீனி இறக்குமதியாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

மற்றவை பலரும் அறிந்தவை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது; நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகப் பயிர் வயலில் ஏற்கெனவே நலிந்திருந்தது. டொலரின் விலை 200 ரூபாவை ஒட்டிச் செயற்கையாகப் பிடித்து வைக்கப்பட்டதால், வெளிநாட்டில் உழைப்போர் வங்கியை விட்டு உண்டியல்காரரை நாடினர்; 2020இல் 710 கோடி டொலராக இருந்த அவர்களது பணவரவு 2022இல் 380 கோடி டொலருக்கு இறங்கியது. கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த 2022 ஜனவரியிலும் சர்வதேச முறி வைத்திருந்தோருக்கு 50 கோடி டொலர் திருப்பிச் செலுத்தப்பட்டது. மூன்று மாதம் கழிவதற்குள், ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது.

இவை அரசியல் எதிரிகளின் குற்றச்சாட்டுகள் என்று தள்ளிவிட இனி இடமில்லை. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் டபிள்யூ. டி. லக்ஷ்மன், அஜித் நிவாட் கப்ரால் ஆகியோரும், உயர் அதிகாரிகள் சிலரும் பொருளாதாரச் சீரழிவுக்குக் காரணமாகி, அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை உறுதிசெய்யும் சட்டத்தின் முன் சமத்துவம் என்னும் அடிப்படை உரிமையை மீறினர் என்று 2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. நாட்டின் வரலாற்றில் ஆட்சியாளர் ஒருவரின் பொருளாதார முடிவுகளை இவ்வளவு வெளிப்படையாக நீதிமன்றம் எடைபோட்டது அரிது. எனினும் அத்தீர்ப்பின் பணக்கணக்கு, மனுதாரர்களுக்கு வழங்கும்படி கூறப்பட்ட 1,50,000 ரூபா வழக்குச் செலவோடு முடிந்துவிட்டது. தவறு யாருடையது என்பது பதிவேட்டில் ஏறியது. தண்டம் கட்டியோர் வேறு ஆட்கள்.

அந்தத் தண்டம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை ஒரு மின்பட்டியலில் பார்க்கலாம். மாதம் 30 அலகு மட்டும் பயன்படுத்தும் வீடு என்பது இரண்டு மூன்று மின்குமிழ்களும் ஒரு விசிறியும் உள்ள வீடு. 2022 ஆகஸ்டுக்கு முன் அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணமாக 30 ரூபாவும் சேர்ந்து அவ்வீட்டின் பட்டியல் 105 ரூபாவாக இருந்தது. ஆகஸ்டில் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்ற கணக்கில் 1,300 ரூபாவுக்குப் போனது. ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேல். செலவை ஈடுசெய்யும் விலை, அதாவது உற்பத்திச் செலவு முழுவதையும் பாவனையாளரே ஏற்கும் முறை, என்று இதற்குக் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் அதே 2023ஆம் ஆண்டை இலங்கை மின்சார சபை 6,000 கோடி ரூபாவுக்கும் அதிகமான இலாபத்தோடு முடித்தது. பின்னர் கட்டணம் பல தடவை இறக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயினும் பட்டியலைக் கட்ட முடியாமல் அவ்வாண்டில் துண்டிக்கப்பட்ட இலட்சக்கணக்கான இணைப்புகளை எண்ணும்போது, ஈடுசெய்யப்பட்டது செலவு மட்டுந்தானா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

மண்ணெண்ணெயின் கதை இன்னும் கடுமையானது. 2022 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்ட அந்த எரிபொருளை நம்பியிருந்தவர்கள், மலையகத்து லயன் வீடுகளில் விளக்கும் அடுப்பும் எரித்தவர்களும், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளில் வடக்கிலும் கிழக்கிலும் தொழிலுக்குப் போனவர்களுமே. ஒருமுறை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் எரிக்கும் படகுக்கு 1,740 ரூபாவாக இருந்த எண்ணெய்ச் செலவு மறுநாள் 6,800 ரூபாவாயிற்று. வலையில் மீன் படுமோ படாதோ, அந்தப் பணத்தைக் கரையிலேயே எண்ணி வைத்துவிட்டுத்தான் படகைத் தள்ள வேண்டும்.

விலைகளைச் செயற்கையாக அமுக்கி வைத்ததே நெருக்கடிக்கு வழிகோலியது என்றும், மானியத்தின் பெரும்பங்கை அதிகம் எரிக்கும் வசதி படைத்தோரே அள்ளிச் சென்றனர் என்றும் பொருளியலாளர்கள் கூறுவது சரியே. விலைத் திருத்தமே கூடாது என்று வாதிடுவோர் 2021இன் தவறை மீண்டும் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் திருத்தம் வேண்டும் என்பதிலிருந்து அதன் முழுப் பாரமும் இன்ன திசையில்தான் இறங்க வேண்டும் என்பது தானாகப் பெறப்படுவதில்லை. அது ஆட்சியாளர் செய்த தெரிவு. வாழ்வாதாரத்தை இழந்தோரைத் தாங்கும் அஸ்வெசும நலன்புரித் திட்டம் 2023 ஜூலையில்தான் தொடங்கிற்று. மண்ணெண்ணெய் விலை ஏறி ஏறத்தாழ ஓராண்டு கழிந்திருந்தது. தொடங்கியபோதும் தேர்வுப் பட்டியலுக்கு எதிராக இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2023இல் மக்கள்தொகையில் 25.9 சதவீதத்தினர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். 2019இல் அந்த எண் 11 சதவீத அளவிலேயே இருந்தது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் இத்தெரிவு மறைக்க முடியாதவாறு வெளிப்பட்டது. அரசுக்குக் கடன் கொடுத்து நீண்டகால முறிகளை வைத்திருந்தோரில் வங்கிகளும் இருந்தன, ஊழியர் சேமலாப நிதியும் இருந்தது. வங்கிகள் ஏற்கெனவே உயர்ந்த வரி செலுத்துகின்றன, அவை தளர்ந்தால் நிதித்துறையே ஆட்டங்காணும் என்ற காரணங்களுக்காக விலக்களிக்கப்பட்டன. தனியார் துறைத் தொழிலாளரின் முதுமைக்கான முதன்மைச் சேமிப்பாகிய சேமலாப நிதியின் முறிகள், 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாற்ற மறுத்தால் நிதியின் வருமான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்பது நிபந்தனை. 2022இல் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தை எட்டியிருந்த நாட்டில் இது சேமிப்பின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதற்குச் சமம். தையல் ஆலையில் நின்று உழைத்த ஒரு பெண் வங்கி முகாமையாளரைப் போலப் பேரம் பேச முடியாதவர் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் தென்படவில்லை.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட நான்காண்டு உடன்படிக்கையை ஒரு கால அட்டவணையாகப் படித்தால் உண்மை இன்னும் துலங்கும். உடன்படிக்கைக்கு முன்பே 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15 சதவீதமாகியிருந்த வற் வரி, அதன்பின் 2024 ஜனவரி முதலாந் திகதி 18 சதவீதமாக ஏறியது. சமையல் எரிவாயு, பெற்றோல், புத்தகங்கள் என முன்பு விலக்குப் பெற்றிருந்த பலவும் அன்றே வரி வலைக்குள் வந்தன. ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. 2025க்குள் நாடளாவிய சொத்து வரியும், பரம்பரைச் சொத்து, நன்கொடை மீதான வரிகளும் கொண்டுவரப்படும் என்றும் அதே உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஆண்டு பிறந்தபோது அவற்றுக்குரிய அடித்தளமே இடப்பட்டிருக்கவில்லை. சொத்துகளின் பெறுமதிக்குச் சரியான தரவுத்தளம் இல்லை என்பது சொல்லப்படும் காரணம். குறைந்த வருமானக் குடும்பங்களின் கூரை எதனால் வேயப்பட்டது, வீட்டில் தொலைக்காட்சி உண்டா என்பது வரை அஸ்வெசும படிவத்தில் கேட்டுத் தரவு திரட்ட முடிந்த அரசுக்கு, செல்வந்தர் வாழும் கொழும்பு 7இன் காணி விலைகளைத் திரட்ட முடியவில்லை என்பதை ஏற்பதற்கில்லை.

2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, உணவு, மருத்துவம், கல்வி மீதான வற் வரியை நீக்குவதாக வாக்களித்து 159 ஆசனங்களைப் பெற்ற கட்சி. முந்தைய அரசின் உடன்படிக்கைக்குத் தான் கட்டுப்பட்டிருப்பதாக அது கூறும் விளக்கம் பாதியே செல்லும். வருமான இலக்கு எட்டப்பட வேண்டும் என்பதே உடன்படிக்கையின் அடிப்படைக் கண்டிப்பு, அதை எவரிடமிருந்து எட்டுவது என்பதில் பேசுவதற்கு இடமுண்டு. ஆகவே அடுத்த வரவுசெலவுத் திட்டம் சொத்து வரி தொடங்கும் திகதியை வற் வரிக்கு இருந்ததைப் போன்றே சட்டத்தில் எழுத வேண்டும். அதில் வரும் வருமானத்துக்கு நேரொத்த அளவில், உணவு மீதும் புத்தகங்கள் மீதும் உள்ள வற் வரி அதே திகதியில் குறைய வேண்டும். அஸ்வெசும கொடுப்பனவு அமைச்சர் மனமிரங்கும் நாளுக்குக் காத்திராமல் விலைச் சுட்டெண்ணோடு பிணைக்கப்பட வேண்டும். சீனி வரியைப் போல ஒரு வர்த்தமானியில் வருமானத்தைக் கைவிடும் அதிகாரம் நிதி அமைச்சரிடம் இருக்கக் கூடாது. இழப்பு எவ்வளவு, அதனால் பயன்பெறும் நிறுவனங்கள் எவை என்ற விவரத்தோடு அத்தகைய முடிவு முதலில் நாடாளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு முன் வர வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில் ஒவ்வோர் அங்கத்தவரும் முறிமாற்றத்தால் இழந்தது எவ்வளவு என்பதைத் திறைசேரி கணக்கிட்டு, அவரது வருடாந்தக் கணக்கறிக்கையிலேயே அச்சிட்டு அனுப்பட்டும்.