வலியவன் எவன்?

சப்பானியப் படக்கதைகளின் சுவைஞர் கூட்டத்தில் ஓயாத சொற்போர் ஒன்று நடந்துகொண்டிருக்கின்றது. எவன் வலியவன்? இலூபியா, கைடோவா, வெண்தாடியா? எவன் எவனை எத்தனை நொடியில் வீழ்த்துவான்? இரவு பகலாய்த் தரவரிசை இடுகின்றனர். மறுத்தவனை அறிவிலி என்று இகழ்கின்றனர். அவர்தம் விடைகள் இருக்கட்டும். வினாவே பிழை என்கின்றோம் யாம்.

எய்ச்சிரோ ஓடா 'ஒன் பீசு' என்னும் கடற்கொள்ளையர் கதையை 1997-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கினார். அதனை வெளியிடும் 'சோனென் சம்ப்பு' கிழமையிதழ் தன் கொள்கையாய்க் கொண்ட சொற்கள் மூன்று: நட்பு, முயற்சி, வெற்றி. சொற்போராளரோ முன்னிரண்டையும் கடலில் எறிந்துவிட்டு, மூன்றாவதை மட்டும் கட்டிக்கொண்டு அழுகின்றனர்.

கதைத்தலைவன் இலூபி தன்னைப்பற்றி என்ன சொல்கின்றான்? ஆர்லாங் என்னும் கொடியவனை எதிர்த்து நிற்கையில், தனக்கு வாள்வீசத் தெரியாது, கலஞ்செலுத்தத் தெரியாது, சமைக்கத் தெரியாது, பொய்சொல்லவும் தெரியாது; தோழரின்றித் தன்னால் வாழவியலாது என்று நெஞ்சு நிமிர்த்தி அறிவிக்கின்றான். வாளுக்குச் சோரோ, கலத்துக்கு நாமி, அடுக்களைக்குச் சாஞ்சி, பொய்க்கு உசோப்பு! இவனைத் தனியே பிரித்து நிறுப்பது, தேரின் அச்சாணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, 'இது எவ்வளவு விரைந்து ஓடும்?' என்று கேட்பதாகும்.

உயிர்களிலெல்லாம் வலியது எனப் பெயர்பெற்ற கைடோவை இலூபிதான் வீழ்த்தினான். ஆயின், அதற்கு முன்னரே செவ்வுறை மறவர் ஒன்பதின்மரின் வாள்கள் அவன் உடலைப் பிளந்தன. கூரைமேல் ஐவர் ஒருங்கே எதிர்த்தனர். அவன் பெற்ற பிள்ளையாகிய யமாட்டோவே குறுக்கே நின்று தடுத்தது. இவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கின்றனர்?

உலகின் வலிய மாந்தன் எனப்பட்ட வெண்தாடி வென்றானா? இல்லை. தான் மகனென்று அழைத்த எய்சைக் காக்கப் போர்க்களம் புகுந்து, நின்றபடியே மாண்டான். அவன் உடலில் பட்ட வாள்வெட்டுகள் 267, சிறுகுண்டுகள் 152, பெருங்குண்டுகள் 46. முதுகிலோ, புறங்காட்டி ஓடிய வடு ஒன்றுகூட இல்லை! புறப்புண்ணுக்கு நாணிய மறவர் வழிவந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டா.

வலிமையை எண்ணால் அளக்கும் மடமையை அகிரா தொரியாமா தம் 'திராகன் பால்' கதையிலேயே (1984–1995) நகையாடிவிட்டார். கண்மேல் அணிந்த அளவுகருவியை நம்பிய பகைவர், ஆற்றலை ஒடுக்கி மறைக்கக் கற்றவரிடம் ஏமாந்தனர். கோக்குவின் ஆற்றல் சப்பானிய முதனூலில் 8000-க்கு மேல். ஆங்கிலக் குரல்மாற்றில் அது 9000 ஆயிற்று! உலகெங்கும் வாய்பாடாய் ஒப்பிக்கப்படுவது இப்பொய்யெண்ணே. ஆங்கிலப் பலகணி வழியாகவே உலகைப் பார்ப்பவனுக்கு எண்கூடத் திரிந்தே தெரியும்.

வள்ளுவப் பேராசான் வலியறிதலில் வகுத்த வலி நான்கு. செய்யும் வினையின் வலி, தன் வலி, பகைவன் வலி ஆகிய மூன்றோடு அவர் நில்லாமல், துணையின் வலியையும் சேர்த்தே நிறுக்கச் சொன்னார். அந்நான்காம் வலியைக் காணாதவன் வலிமையையே காணாதவன்.

தமிழிளைஞரே! நீவிரும் இக்கதைகளைச் சுவைக்கின்றீர், தடையில்லை. ஆனால், ஒருவனையே வானளாவப் புகழ்ந்து, உடனின்றோரை மறக்கும் இனம் எக்காலத்தும் எழாது. 'எவன் வலியவன்?' என்று கேட்பவனிடம், 'அவனுக்குத் தோள்கொடுத்தோர் எவர்?' என்று திருப்பிக் கேளுங்கள்!