பசைக் குப்பியின் மூக்கு அடைபட்டால்

ஆனி மாதத்து மழை இறங்கியதும் வடாலா இல்லங்களில் மூன்று பொருள்கள் தன்மை மாறுவதைக் காண்கிறோம். உப்பு ஜாடியில் நீர் கோக்கிறது. அப்பளம் நமத்துப் போகிறது. பிள்ளைகளின் பசைக் குப்பியோ மூக்கடைத்துக் கல்லாகிவிடுகிறது. முதலிரண்டையும் இளக்கிய அதே ஈரக் காற்றே மூன்றாவதை இறுக்குகிறது என்றால் வியப்பாக இருக்கலாம். உப்பளங்களும் கடற்கழியும் அருகே அமைந்த நம் பேட்டையில் இவ்வீரத்துக்குக் குறைவேது?

சிறிய மாதிரி விமானங்களையும் கப்பல்களையும் ஒட்டிச் சேர்க்கும் கலையில் நம் பிள்ளைகள் சிலர் ஈடுபட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. பொறுமையும் கைத்திறனும் ஒருங்கே வளர்க்கும் பொழுதுபோக்கு அது. 1965-ஆம் ஆண்டுப் போரில் புகழ்பெற்ற ‘நாட்’ விமானம் ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுடையது. 72-ல் ஒரு பங்கு அளவில் அது 12 சென்டிமீட்டராகச் சுருங்கும். அதன் இறக்கையில் 1 மில்லிமீட்டர் பசை வழிந்தால், உண்மை விமானத்தில் 7 சென்டிமீட்டர் அகலக் கறைக்கு ஒப்பாகும். ஆதலால்தான் இப்பசைக் குப்பிகளுக்கு ஊசி போன்ற மூக்கு அமைக்கிறார்கள். மூக்கு மெல்லியதாக இருப்பதாலேயே எளிதில் அடைபடவும் செய்கிறது.

அடைபட்ட குப்பியை வலிந்து அமுக்குவதே பலரும் செய்வது. இது அபாயமானது. அடைப்பு திடீரென விடுபட்டுப் பசை கண்ணில் பீறிட இடமுண்டு. சிலர் பல்லால் கடித்துத் திறக்கிறார்கள். அது அதனினும் கொடியது. குப்பியில் இருப்பது எவ்வகைப் பசை என்று முதலில் அறிதல் வேண்டும். ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

மரத்துக்கும் அட்டைக்கும் உதவும் வெள்ளைப் பசை நீர் கலந்தது. நீர் வற்றினால் இறுகும். மூக்கைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துக் குண்டூசியால் குத்தினால் அடைப்பு தோல்போல் உரிந்து வரும்.

பிளாஸ்டிக் மாதிரிகளுக்கென்றே உள்ள பசை வேறு வகை. அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி இரு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. கரைப்பான் ஆவியாகிவிட்டால் எஞ்சிய பிசின் உலோக ஊசிக்குள் இறுகிவிடும். துளையினும் மெல்லிய எஃகுக் கம்பியை மெதுவே செலுத்தினால் பெரும்பாலும் வழி பிறக்கும். அறுந்துபோன தம்புராத் தந்தியின் துண்டு பொருந்துமானால் அதுவே போதும். ஊசியைக் கழற்றி நெருப்பில் காட்டுவோரும் உளர். ஆனால் அக்கரைப்பான் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் படுக்கையும் ஓரறையில் அமைந்த நம் வீடுகளுக்கு அம்முறை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, நொடியில் ஒட்டும் பசை. 1942-ல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்த பொருள் இது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டமையால் அன்று ஒதுக்கப்பட்டது. 1958-ல் பசையாகவே விற்பனைக்கு வந்தது. இது காய்ந்து இறுகுவதில்லை; ஈரம் பட்டு இறுகுகிறது. எனவே நீரில் ஊறவைப்பது பயன் தராது. மூக்கின் நுனியைப் பிளேடால் சிறிது நறுக்கலாம். அல்லது அதனைக் கழற்றி அசிட்டோனில் ஓரிரவு ஊறவைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டலாம். அசிட்டோனும் தீப்பற்றக் கூடியது. மாதிரியின் பிளாஸ்டிக்கையும் அது கரைத்துவிடும். ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருந்து, சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பில்லாத இடத்தில் செய்க.

அடைப்பே நேராதிருக்க வழியுண்டா? உண்டு. வேலை முடிந்ததும் குப்பியை நிமிர்த்தித் தட்டிப் பசையை உள்ளே இறக்குங்கள். நுனியை உலர்ந்த காகிதத்தால் துடையுங்கள். பஞ்சோ பருத்தித் துணியோ வேண்டாம். நொடியில் ஒட்டும் பசை அவற்றில் பட்டால் கை சுடுமளவு வெப்பம் எழும். காற்றுப் புகாத டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் குப்பியை வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்திருந்தால் அறையின் வெப்பத்துக்கு வந்தபின்னரே திறக்க வேண்டும். இன்றேல் உள்ளே நீர் கோக்கும்.

இன்னும் சிறந்த முறை, குப்பியின் மூக்கை மாதிரியின் அருகே கொண்டுபோகாமலே இருப்பது. தையல் ஊசியின் காதை நுனியில் வெட்டிவிட்டால் சிறு கவட்டை கிடைக்கும். பழைய மூடியொன்றில் ஒரு சொட்டு நொடிப் பசையை விட்டு, கவட்டையால் தொட்டு வைத்தால் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே இறங்கும்.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்கலாகாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்து மெல்ல உருட்டி விடுவிக்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையை இழுக்காமல், நிறைய நீரால் கழுவி உடனே மருத்துவரிடம் செல்க.

பாதி கட்டிய விமானத்தோடு பிள்ளை சோர்ந்து உட்கார்ந்திருக்கையில், “காசைக் கரியாக்கினாய்” என்று கடியாதீர்கள். குப்பியின் மேல் எழுதியிருப்பதை அவனோடு சேர்ந்து படித்து, அது எவ்வகைப் பசை என்று கண்டறியுங்கள். அடைப்பை நீக்கும் வேலையைப் பெரும்பாலும் அவனே செய்துவிடுவான். நீங்கள் அருகில் இருந்தால் போதும்.