ஹைட்ரோலிக் கிளச்: கைக்கு இதம், பயணத்துக்கு உகந்ததா?

நெடுந்தூரப் பயணத்துக்கென வடிவமைக்கப்பட்ட கனரக மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்போர் பலர், கேபிளால் இயங்கும் கிளச்சை அகற்றிவிட்டு ஹைட்ரோலிக் முறைக்கு மாற விரும்புகின்றனர். கனடாவில் வாழும் என் பழைய பத்திரிகைத் தோழர் ஒருவரும் தமது ஹார்லி டேவிட்சனுக்கு இதனைச் செய்யலாமா என வினவியிருந்தார். அறுபதைக் கடந்தவர் அவர். நகர நெரிசலில் கிளச்சைப் பிடித்துப் பிடித்து இடது கை விறைத்துப்போகிறது என்பது அவரது முறைப்பாடு.

ஹைட்ரோலிக் முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. கேபிளின் உராய்வு இங்கே கிடையாது. கிளச் தட்டுகள் தேய்வதற்கேற்ப அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆயினும், கிளச் சுருளின் விறைப்பைத் திரவம் குறைப்பதில்லை. பிஸ்டன்களின் அளவை மாற்றிப் பிடியை இலகுவாக்கினால், தட்டுகள் விலகும் தூரம் அதற்கேற்பக் குறையும். அது அளவுக்கு மீறினால் கிளச் முழுமையாக விடுபடாது. கியர் மாற்றுவது சிரமமாகும்.

ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் அனுபவமே இதில் ஒரு பாடம். 2014 ஆம் ஆண்டு மாதிரிகளில் தனது பயண ரகங்களுக்கு ஹைட்ரோலிக் கிளச்சை அது பரவலாக வழங்கியது. 2018 ஒக்டோபரில், கிளச் விடுபடாமற் போகக்கூடும் என்ற காரணத்தால் உலகெங்கும் சுமார் 2 இலட்சத்து 38 ஆயிரம் வண்டிகளைத் திருத்தத்துக்காகத் திருப்பியழைக்க நேர்ந்தது. 2021 ஆம் ஆண்டு மாதிரிகளில் வழமையான பயண ரகங்களுக்குக் கேபிளே மீண்டும் வந்தது. புதியது என்பதனாலேயே ஒன்று மேலானதாகிவிடாது.

கேபிள் அறுந்தால் தெருவோரத்திலேயே மாற்றிவிடலாம். அனுபவசாலிகள் உதிரிக் கேபிளொன்றைப் பழையதன் அருகிலேயே இழுத்துக் கட்டி வைத்திருப்பர். ஆனால் ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் ஹைட்ரோலிக் சிலிண்டரின் இறப்பர் சீல் கசிந்தால், கராஜைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. அத்துடன், பிரேக் ஒயிலைப் பயன்படுத்தும் வகையில் அது ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுகளுக்கொரு முறையேனும் மாற்றியாக வேண்டும். மினரல் ஒயில் வகைக்குப் பிரேக் ஒயிலை ஊற்றினாலோ சீல்கள் பழுதாகிவிடும்.

எனவே எனது கருத்து இதுதான். முதலில் கேபிளை மாற்றுங்கள். அது கூர்மையாக வளையாதவாறு கொண்டுசெல்லுங்கள். தளர்வைச் சரியாக வையுங்கள். பலரது கைவலி இந்தச் சிறுசெலவிலேயே தணிந்துவிடக்கூடும். அதன் பின்னரும் வலி நீடித்தால், குறிப்பாக மூட்டுவாதம் உள்ளவர்கள், தயங்காமல் ஹைட்ரோலிக் முறைக்கு மாறலாம். வலிக்கும் கையோடு வண்டி ஓட்டுவதும் ஆபத்தே. ஆனால் மாற்றிய மறுவாரமே ஆயிரம் மைல் புறப்பட வேண்டாம். சில மாதங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஓட்டிப் பார்த்து, கசிவு இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தூரப் பயணத்துக்குரிய வண்டியில் ஒரு பாகத்தின் தரத்தை, அது எவ்வளவு இலகுவாக இயங்குகிறது என்பதை மட்டும் வைத்து அளக்க முடியாது. பழுதானால் நின்ற இடத்திலேயே திருத்த முடியுமா என்பதும் முக்கியம்.