கேட்டறிந்து படைக்கும் விருந்து

விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அண்டை வீட்டாரின் உரிமையை ஈமானோடு இணைத்துப் பேசியவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். இவ்விரு மரபுகளுக்கும் உரியவர்களாகிய தமிழ் முஸ்லிம்கள் கொடுப்பதில் குறை வைத்தவர்கள் அல்லர். நோன்புக் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும் மதம் பார்த்து வீடு செல்வதில்லை. ஆயினும் கொடுப்பதற்கு முன் பெறுபவரின் உணவு நெறி யாது எனக் கேட்டறியும் வழக்கம் நம்மிடம் எந்த அளவிற்கு உள்ளது? இவ்வினாவை யூதராகிய அண்டை வீட்டாரை முன்வைத்து ஆராய்வது பயன் தரும்.

சேர்வராயன் மலையில் செம்மநத்தம் போன்ற ஊர்களில் இருப்போர்க்கு யூதரைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வினவலாம். இம்மலையூர்களின் பிள்ளைகள் இன்று சேலத்தோடு நின்றுவிடுவதில்லை. மும்பைக்கும் இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பணி நிமித்தம் செல்கின்றனர். அங்கே அடுத்த கதவு யூதருடையதாக இருத்தல் கூடும். அப்போது பெருநாள் தட்டை ஏந்திச் செல்லும் கைக்கு இவ்வறிவு வேண்டும்.

மேலும், யூதர் தென்னகத்திற்குப் புதியவரும் அல்லர். கி.பி. 849ஆம் ஆண்டைச் சார்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையொப்பங்கள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் அமைந்துள்ளன. முஸ்லிம் வணிகரும் யூத வணிகரும் ஒரே ஏட்டில் கையொப்பமிட்ட காட்சி அது. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டில் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமையை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதே ‘அஞ்சுவண்ணம்’ என்னும் சொல் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தொன்மையான நூலாகக் கருதப்படும் பல்சந்த மாலையிலும் இடம்பெறுவது நோக்கத்தக்கது. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பெற்றபோது அதன் உறுப்பினர்களுள் யூத வணிகரும் இருந்தனர்.

இனி, மார்க்கம் கூறுவதைக் காண்போம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. அவர்கள் வந்ததும் கேட்ட முதற்கேள்வி, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதே. அதனை ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்கள். அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவிற்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் தமக்கு வலியுறுத்தியதாக நபிகள் நாயகம் (ஸல்) கூறியதே அதற்குக் காரணம் என்றும் விளக்கினார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. வேதம் வழங்கப்பட்டோரின் உணவு நமக்கும், நம் உணவு அவர்களுக்கும் ஆகும் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் தரும் கருத்து.

இவ்விடத்தில்தான் நம்முள் பலர் ஒரு முடிவிற்கு விரைந்து வந்துவிடுகின்றனர். ‘அவர்களும் பன்றி உண்பதில்லை, இறைவன் பெயர் சொல்லியே அறுக்கின்றனர், எனவே ஹலாலும் கோஷரும் ஒன்றே’ என்பர். இஃது உண்மையின் ஒரு பகுதியே. மேற்கண்ட வசனத்தால் கொடுக்க நமக்குத் தடையில்லை. ஆனால் உண்ண அவருக்குத் தடையிருக்கலாம். அத்தடையை அவருடைய வேதமும் அவர்தம் மார்க்க அறிஞரும் வகுத்துள்ளனர். அதனைத் தளர்த்தும் உரிமை நமக்கு இல்லை.

நம் பிரியாணியையே எடுத்துக்கொள்வோம். இறைச்சியைத் தயிரில் ஊறவைத்து நெய் சேர்த்துத் தம் போடுகிறோம். யூத நெறியில் இறைச்சியும் பாற்பொருளும் ஒன்றாகச் சேர்தல் ஆகாது. இறைச்சி, அதற்கெனப் பயிற்சி பெற்ற யூதர் ஒருவரால் அறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; பின் நீரில் ஊறவைத்து, உப்பிட்டு, குருதி நீக்கப்பட வேண்டும். நமக்கு ஹலாலான ஒட்டகமும் முயலும் அவர்க்கு விலக்கு. செதிளும் துடுப்பும் உள்ள மீன்களே அவர்க்கு ஆகும்; இறால், நண்டு, கணவாய், சுறா ஆகியன ஆகா. இறைச்சியே இல்லாத காய்கறிச் சோறாயினும், நம் பாத்திரத்தில் சமைத்தது என்பதற்காகவே நெறியை நுணுகிப் பேணுவோர் தவிர்ப்பர். மறுபுறம், திராட்சை மது அவர்தம் சமயச் சடங்கில் இடம்பெறும். நமக்கோ அது முற்றிலும் ஹராம்.

யூதர் எல்லாரும் ஒரே அளவில் இந்நெறியைப் பேணுவதும் இல்லை. முழுமையாகப் பேணுவோரும், தம் வீட்டில் மட்டும் பேணுவோரும், பேணாதோரும் உளர். இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. ஷாஃபி மத்ஹபினர் கணவாயை உண்பர். ஹனஃபி மத்ஹபினர் தவிர்ப்பர். ஆகவே ‘யூதர் உண்பார்’ என ஊகிப்பதும், ‘உண்ணார்’ என ஊகித்து விலகுவதும் ஒருசேரப் பிழையாம். கேட்டல் ஒன்றே வழி.

கேட்டறிந்து வாழ்ந்தவர்களுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கொல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதர்களின் வீடுகளில் சமையற்காரர்களாகப் பணியாற்றியவர்களுள் முஸ்லிம்கள் பலர். இறைச்சியோடு பால் சேராத முறையைக் கற்றுக் கைவரப்பெற்று, பிறர் நெறியைத் தம் கைகளால் காத்தனர். அந்நகரில் 1881இல் யூதப் பெண்களுக்கெனத் தொடங்கப்பெற்ற பள்ளியில் இன்று பயிலும் மாணவியருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கொச்சி யூதர்கள் இறைச்சிக் குழம்பிற்குத் தேங்காய்ப் பாலைப் பயன்படுத்தினர்; அது பெயரளவில் பாலேயன்றிப் பாற்பொருள் அன்று. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பூத்தையல் கடை நடத்திய சாரா கோஹன் அம்மையார் 2019இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார். முதுமையில் அவரையும் அவர் கடையையும் பேணிக் காத்தவர் ஒரு முஸ்லிம் அன்பரே.

சமுதாயப் பெரியோர்களுள் சிலர் மனத்தில் எழும் தடையை நான் அறிவேன். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் நிகழ்ந்த கொலைகளைத் தொடர்ந்து மூண்ட போர் காஸாவில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. அக்குழந்தைகளுக்காக நம் கண்கள் கலங்குகின்றன, கலங்கத்தான் வேண்டும். அந்நிலையில் யூத அண்டை வீட்டாருக்கு விருந்தா எனக் கேட்பர். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எங்கோ ஒருவன் நம் மார்க்கத்தின் பெயரால் தீங்கிழைத்தால், அதற்கு விடை சொல்லுமாறு நம் வீட்டுக் கதவைத் தட்டுவது முறையாகுமா? முறையன்று என்று எத்தனை மேடைகளில் முழங்கியுள்ளோம்! அந்நீதி நமக்கு மட்டும் உரியதாயின் அது நீதியாகாது. ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது கடமை. அதற்காக அடுத்த வீட்டு முதியவரின் உரிமையைப் பறிப்பது அண்ணலாரின் வழியன்று. நபிகளார் மறைந்தபோது அவர்களது போர்க்கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. யூதக் குலத்தாரோடு போர்களும் பூசல்களும் நிகழ்ந்த மதீனாவில்தான் அக்கொடுக்கல் வாங்கலும் நிகழ்ந்தது.

பிறர் நெறியை மதிக்கும் கலை நமக்குத் தெரியாததும் அன்று. தமிழக முஸ்லிம் திருமணங்களில் சைவ உணவினருக்கென வேறு சமையற்காரர், வேறு பாத்திரம், வேறு பந்தி என ஏற்பாடு செய்யும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அம்மரியாதையைச் சற்று நீட்டினால் போதும். அதுபோலவே, நண்பர் இல்லத்தில் ஹலால் அல்லாத இறைச்சியை நாம் மறுக்கும்போது அவர் மனம் நோகலாகாது என விழைகிறோம். அவ்வாறே நம் தட்டை ஒருவர் அன்போடு மறுத்தால் நாமும் முகம் வாடலாகாது. மறுப்பு அவர் தம் இறைவனுக்குச் செலுத்தும் கீழ்ப்படிதல். நமக்கு இழைக்கும் அவமதிப்பு அன்று.

எனின், எதைத்தான் கொடுப்பது? விடை நம் மலையிலேயே விளைகிறது. வெட்டாத, சமைக்காத முழுப்பழத்தை நெறி பேணும் யூதரும் பொதுவாக ஏற்பர். ஏற்காட்டு ஆரஞ்சும் கொய்யாவும் எந்தச் சமையற்கட்டையும் காணாமல் மரத்திலிருந்து நேரே கூடைக்கு வருவன. சைவருக்கும் ஆகும், யூதருக்கும் ஆகும், நமக்கும் ஆகும். அதற்கு மேலும் அளிக்க விரும்பினால் அவர்தம் கோஷர் முத்திரையிட்ட பொருளை முத்திரை பிரியாமல் கொடுக்கலாம். நாள் அறிந்து கொடுத்தலும் நன்று: யோம் கிப்பூர் அவர்க்கு நோன்பு நாள், பஸ்காப் பெருநாளில் புளித்த மாவுப் பண்டம் அவர்தம் இல்லத்தில் இருத்தலே ஆகாது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் எந்நாட்டில் வாழ நேரினும், பெருநாளுக்கு முதல்நாள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ‘உங்களுக்கு எது ஆகும்?’ எனக் கேளுங்கள். அவ்வொரு வினாவே விருந்தின் முதற்பங்கு. ஒன்றும் வேண்டாம் என விடை வரினும் அண்டை வீட்டார் உரிமையில் ஒரு பகுதியை நீங்கள் நிறைவேற்றியவராவீர்கள்.